உளவியலில் ஒரு செயல்பாட்டியம், மனத் தத்துவத்தில் ஒரு செயல்பாட்டியம்: ரெண்டும் ஒண்ணுதானா?

#1 புதுநோட்டு

வணக்கம். தபால் வழியில் எம்.ஏ. உளவியல் படிக்கிறேன். வரலாற்றுத் தாளில் 'செயல்பாட்டியம்' என்று ஒரு பாடம் இருக்கு: வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி, சிகாகோ. அறிதல் அறிவியல் தாளிலும் அதே பெயரில் ஒரு பாடம்: ஹிலரி பட்னம், டூரிங் இயந்திரம் (விதி அட்டவணைப்படி நடக்கிற கற்பனைக் கணினி), ஆக்டோபஸ். முதல் பாடத்தில் ஆக்டோபஸ் இல்லை, இரண்டாவதில் ஜேம்ஸ் இல்லை. ஆனா ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரே வரியில் ஆரம்பிக்குது: மனம் எதனால் ஆனது என்று கேட்காதே, என்ன செய்கிறது என்று கேள்.

ரெண்டையும் ஒண்ணா நினைச்சு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். ஓரத்தில் சிவப்பு மையில் "குழப்பம்" என்று ஒரே ஒரு சொல் எழுதித் திரும்பி வந்தது. மதிப்பெண்ணைக் கேட்காதீங்க. குழப்பம் எங்கே இருக்குன்னு யாராவது சொல்லுங்க, அது போதும்.

#2 திருகாணி

குழப்பம் திருத்தினவருக்குத்தான். ரெண்டும் ஒண்ணுதான் பாஸ். ஜேம்ஸ் 1890ல சொன்னதைத்தான் பட்னம் 1967ல கம்ப்யூட்டர் பாஷையில சொன்னார். மூளை வன்பொருள், மனம் மென்பொருள். இழையை மூடிடலாம்.

#3 பழையசாக்பீஸ்

திருகாணி தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பாடத்தை முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன். முதல் பத்து வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். 1879இல் லைப்சிக்கில் வுண்ட் ஆய்வகம் தொடங்கினார். அவரிடம் படித்த டிட்ச்னர் அமெரிக்காவுக்குப் போய் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அமர்ந்துகொண்டு, வேதியியலார் ஒரு சேர்மத்தைத் தனிமங்களாகப் பிரிப்பதுபோல அனுபவத்தையும் பிரித்துவிடலாம் என்றார். இதற்குத்தான் அமைப்பியம் என்று பெயர். (நம் இலக்கிய விமர்சகர்கள் பேசுகிற அமைப்பியல் வேறு ஆள், வேறு ஊர். விடைத்தாளில் மொழியியலாளர் சசூரைக் கொண்டுவந்து நிறுத்திய மாணவர்கள் எனக்கு உண்டு.) பயிற்சி பெற்ற ஒருவர் தன் உள்ளத்தைத் தானே கவனித்துச் சொல்ல வேண்டும். எதிரே ஆப்பிள் இருந்தால் "ஆப்பிள்" என்று சொல்லிவிடக் கூடாது. அது 'தூண்டல் பிழை'. இன்ன சிவப்பு, இன்ன பளபளப்பு, இன்ன வடிவம் என்று தோன்றியதை மட்டும்தான் சொல்லலாம்.

இப்படித் துண்டு போடுகிற போக்கு, டிட்ச்னர் அமெரிக்கா வருவதற்கு முன்பே, ஜேம்ஸுக்குச் சகிக்கவில்லை. நனவு, அதாவது நாம் விழித்து உணர்ந்துகொண்டிருக்கும் நிலை, ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வாளி வாளியாக மொண்டு வைத்துவிட்டு வாளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். டார்வினுக்குப் பிறகு வந்தவர் அல்லவா, அவருடைய கேள்வியே வேறு: நனவு என்று ஒன்று உயிரினத்துக்கு எதற்கு? அது இல்லாவிட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்?

1896இல் டூயி எழுதிய ஒரு கட்டுரைதான் இதில் எனக்கு மிகப் பிடித்தது. குழந்தையும் மெழுகுவத்திச் சுடரும். அக்காலப் பாடப்புத்தகம் இதை 'அனிச்சை வில்' என்று பெயரிட்டு இப்படிச் சொல்லும்: வெளிச்சம் தூண்டல், கை நீட்டுவது துலங்கல், சூடு தூண்டல், கை இழுப்பது துலங்கல். நான்கு துண்டு, நடுவே இரண்டு கம்பி. டூயி கேட்டார்: குழந்தை 'வெளிச்சத்தை' எப்போது பார்த்தது? கண்ணைத் திருப்பி, கழுத்தை நிமிர்த்தி, கை நீட்டுவதற்காக அல்லவா பார்த்தது? பார்த்தலும் ஒரு செயல்தான். கை சுட்ட பிறகு அடுத்த முறை சுடரைப் பார்க்கும்போது அது வெறும் வெளிச்சமா? சுடுகிற வெளிச்சம் ஆகிவிட்டது. துண்டு துண்டாகக் கிடப்பதில்லை, வளைந்து தன்னிடமே திரும்பி வருகிற ஒரு சுற்று என்கிறார்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. தன் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சேர்த்து 1898இல் பெயர் சூட்டியவர் டிட்ச்னர்தான். எதிராளி ஒட்டிய சீட்டை இவர்களும் கழற்றாமல் வைத்துக்கொண்டார்கள். 1906இல் ஏஞ்செல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைமையுரையில் அதை விளக்கிப் பேசினார். அந்த ஏஞ்செலிடம் 1903இல் முனைவர் பட்டம் வாங்கிய ஜான் வாட்சன், 1913இல் நனவையே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்கிற நடத்தையியம் வந்தது அப்படி.

ஆக, உளவியல் செயல்பாட்டியத்தின் கேள்வி 'எதற்காக'. பட்னம் கேட்டது அதுவல்ல.

#4 புதுநோட்டு

ஐயா, டூயி பகுதியை ரெண்டு தடவை படிச்சேன். எங்க புத்தகத்தில் அது அரை வரி: "டூயி 'அனிச்சை வில்' கருத்தை விமர்சித்தார்." அவ்வளவுதான்.

பட்னம் கேட்டது என்ன?

#5 திருகாணி

இதை நான் சொல்றேன். (ஐயா, ஒண்ணுதான்னு சொன்னதை அரை மனசோட வாபஸ் வாங்கிக்கிறேன்.)

மேஜையில அழுத்துற பால்பாயிண்ட் பேனா இருந்தா எடுங்க. ஒரு தடவை அழுத்துங்க, முனை வெளிய வரும். இன்னொரு தடவை அழுத்துங்க, உள்ள போகும். கவனிங்க: ரெண்டு தடவையும் விரல் செஞ்சது ஒரே வேலை, நடந்தது வேற வேற. தூண்டலையும் துலங்கலையும் மட்டும் எழுதி வைக்கிற நடத்தையியக்காரர் இந்தப் பேனாகிட்டயே தோத்துப்போவார். உள்ள ஒரு 'நிலை' இருக்குன்னு ஒத்துக்கிட்டே ஆகணும்.

அந்த நிலை என்ன? ரெண்டு வரி போதும்:
'மூடியது' நிலையில அழுத்தினா, முனை வரும், 'திறந்தது' நிலைக்குப் போ.
'திறந்தது' நிலையில அழுத்தினா, முனை போகும், 'மூடியது' நிலைக்குப் போ.

இதுல ஸ்பிரிங்னு ஒரு வார்த்தை இருக்கா? பிளாஸ்டிக் பல்சக்கரம்? இல்ல. காந்தம் வச்சு செஞ்சாலும் இதே ரெண்டு வரிதான். ஒரு நிலை எதனால வருது, எதை உண்டாக்குது, மத்த நிலைகளோட எப்படிக் கோத்திருக்குன்னு சொல்லிட்டா, அந்த நிலையைப் பத்தி முழுசா சொல்லியாச்சு. பட்னம் மனசைப் பத்திச் சொன்னது இதுதான். வலின்னா: காயத்தால வரும், 'இது நிக்கணும்'ங்கிற ஆசையை உண்டாக்கும், பயத்தோட சேரும், கையை இழுக்க வைக்கும், அழ வைக்கும். இந்த இடத்துல எது உக்காந்திருக்கோ அதுதான் வலி.

அவருக்கு முன்னாடி 1956ல பிளேஸ், 1959ல ஸ்மார்ட் ரெண்டு பேரும் மனநிலையும் மூளைநிலையும் ஒண்ணுன்னு சொல்லிட்டிருந்தாங்க. வலின்னா சி-நார் (வலியைக் கடத்துற ஒரு வகை நரம்பிழை) துடிப்புன்னு இந்த விவாதத்துல சொல்லிச் சொல்லியே தேஞ்சுபோச்சு. பட்னம் கேட்டார்: பாலூட்டிக்கும், ஊர்வனவுக்கும், ஆக்டோபஸுக்கும் வலிக்கும்னா மூணுக்கும் பொதுவான ஒரே வேதிநிலை எங்க இருக்கு? இதுக்குப் பேரு 'பல்வழி உருவாக்கம்'. ஒரே பங்கு, பல நடிகர்கள்.

#6 வெறுங்குடம்

பேனா உவமை அழகு. பேனாவுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்பதுதான் அதில் உள்ள ஓட்டை.

1978இல் நெட் பிளாக் இதை எடுத்து நீட்டிக் காட்டினார். சீனாவின் நூறு கோடிப் பேருக்கும் ஆளுக்கு ஒரு கம்பியில்லாக் கருவி கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு நரம்பணு செய்கிற வேலையைச் செய்யட்டும்: இன்னாரிடமிருந்து சமிக்ஞை வந்தால் இன்னாருக்கு அனுப்பு. மொத்த வலையும் ஒரு மணி நேரம் ஒரு செயற்கை உடலை நடத்துகிறது. திருகாணியின் அட்டவணை அச்சு அசலாகப் பொருந்துகிறது. உடலின் காலில் முள் குத்தினால் அத்தனை பேரும் முறையாகச் செய்தி அனுப்புகிறார்கள். இப்போது வலிப்பது யாருக்கு? ஒவ்வொருவரையும் கேட்டால் "எனக்கு விரல்தான் அசதி" என்பார். தேசத்துக்கு வலிக்கிறதா?

நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி, ஆள் போதாது என்று சொல்லி யாரும் தப்பிக்க வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டால் வலி வந்துவிடும் என்று நம்புகிறவர் அதை நேரடியாகச் சொல்லட்டும்.

#7 திருகாணி

சொல்றேனே. வலிக்கும். ஒரு தனி நரம்பணுவைக் கேட்டாலும் "எனக்கு வலிக்கல"ன்னுதான் சொல்லும். அதை வச்சு உங்களுக்கு வலிக்கலன்னு முடிவு பண்ணுவீங்களா?

#8 வெறுங்குடம்

எனக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். தேசத்தின் விஷயத்தில் உங்கள் கோட்பாட்டைத் தவிர வேறு சாட்சி யார்? கோட்பாடு சரியா என்று கேட்கும்போது கோட்பாட்டையே கூண்டில் ஏற்றினால் எப்படி?

#9 இரவுப்பணி

உங்க மாதிரி படிச்சவ இல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸ். இந்த இழையை டியூட்டி இடைவேளையில படிச்சிட்டிருக்கேன், ஒரு விஷயம் கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

ஒருத்தருக்குத் தோள்பட்டை மூட்டு நழுவியிருந்தது. அதை இழுத்து ஏத்தி வைக்கணும். முழு மயக்கம் இல்ல, மிடசோலம் ஊசி மட்டும். கொஞ்சம் கிறங்கின மாதிரி இருப்பாங்க, கூப்பிட்டா பதில் சொல்வாங்க. டாக்டர் கையை இழுத்ததும் மனுஷன் "அம்மா"ன்னு கத்தினார். என் மணிக்கட்டைப் பிடிச்ச பிடியில நாலு நகமும் பதிஞ்சு போச்சு. "விடுங்க, விடுங்க"ன்னார். மூட்டு உள்ள போச்சு, அமைதியாயிட்டார். இருபது நிமிஷம் கழிச்சு கண்ணைத் தெளிவா தொறந்து என்னைப் பாத்துக் கேட்டார்: "சிஸ்டர், எப்ப ஆரம்பிப்பீங்க?"

என் கையில நகத் தடம் இருக்கு. அவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த மருந்து ஞாபகம் பதியறதைத்தான் நிறுத்தும், வலியை நிறுத்தாது. அப்ப அவருக்கு வலிச்சுதா? வலிச்சுதுன்னா யாருக்கு? அவர்தான் வலிக்கவே இல்லங்கிறாரே.

#10 புதுநோட்டு

அக்கா, இதைப் படிச்சிட்டு பத்து நிமிஷம் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

#11 திருகாணி

அக்கா, என் பதில்: வலிச்சுது. அந்த இரண்டு நிமிஷம் காயம், கத்தல், "விடுங்க"ங்கிற ஆசை, கையைப் பிடிச்சது எல்லாம் அதது இடத்துல இருந்துச்சு. வலியோட பல இழைகள்ல ஞாபகம் ஒண்ணு. அது மட்டும்தான் அறுந்துபோச்சு.

#12 வெறுங்குடம்

ஓர் இழை அறுந்தாலும் வலி. சரி. இரண்டு அறுந்தால்? எத்தனை இழை வரைக்கும் துணி?

#13 பழையசாக்பீஸ்

இது நல்ல கேள்வி. இதற்கு நிஜ மனிதர்களை வைத்தே பதில் தேடலாம். நூறு கோடிப் பேரைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஒன்று. க்யூராரே தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. அது மயக்கமும் தருமா என்று ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 1947இல் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தன் உடலிலேயே அதைச் செலுத்தச் சொன்னார். மூச்சுகூடச் செயற்கையாகத் தரவேண்டிய அளவுக்கு உடல் முழுவதும் அசைவற்றுப்போனது. தெளிந்த பிறகு, நடந்தது எல்லாம் தெரிந்தது, வலியும் தெரிந்தது என்று சொன்னார். நடத்தை பூச்சியம், வலி முழுசு. நடத்தையியம் இங்கே விழுகிறது. செயல்பாட்டியம் விழவில்லை. ஏனென்றால் உள்ளே இருந்த பங்குகள் அப்படியே இருந்தன: கத்த நினைத்தார், நினைவில் வைத்தார், பிறகு சொன்னார்.

இரண்டு. 'வலி உணர்வின்மை' வேறு, இது வேறு. 1928இல் ஷில்டரும் ஸ்டெங்கலும் விவரித்த நிலை. நோயாளிக்குக் குத்தினால் வலி தெரியும். எங்கே, எவ்வளவு கூர்மை என்று சொல்வார். ஆனால் அது அவரைத் தொந்தரவு செய்வதில்லை. சிலர் புன்னகைக்கிறார்கள், கையை இழுப்பதும் சரியாக இல்லை. வலியின் 'இது வேண்டாம்' என்கிற பங்கு கழன்றுவிட்டது. 'இதுதான் அது' என்கிற அறிதல் நிற்கிறது.

அம்மா இரவுப்பணி, உங்கள் நோயாளியோடு இவர்களையும் சேர்த்துப் பார்த்தால், வலி என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன என்று தோன்றுகிறது. பட்னத்தின் அட்டவணையில் வலிக்கு ஒரே ஒரு கட்டம் ஒதுக்கினோம். இடம் போதவில்லை.

#14 சொல்லுளி

புதுநோட்டு, உங்க கட்டுரையில் சிவப்பு மை விழுந்த இடம் எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். பழி முழுக்க உங்க மேல இல்லை. 'செயல்பாடு' என்கிற மொழிபெயர்ப்பு மேலயும் இருக்கு.

ஆங்கிலத்தில் ஒரே சொல் மூணு வேலை பார்க்குது. தமிழில் மூணுக்கும் தனித்தனியா சொல் வச்சிருக்கோம், ஆனா கலைச்சொல் செய்யும்போது மூணையும் ஒரே மூட்டையில் கட்டிட்டோம்.

இதயத்தின் *பயன்* ரத்தம் இறைப்பது. ஜேம்ஸும் ஏஞ்செலும் கேட்டது நனவின் பயன். பயனுக்கு ஒரு குணம் உண்டு: கெட்டுப்போனாலும் பயன் பயன்தான். நின்னுபோன இதயத்துக்கும் ரத்தம் இறைக்கிறதுதான் பயன். அதனாலதான் 'பழுது' என்கிற சொல்லே சாத்தியம்.

நாடகத்தில் ஒரு *பங்கு* இருக்கு. அதை யார் வேணா நடிக்கலாம். டேவிட் லூயிஸும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் பேசினது வலி வகிக்கிற பங்கு. திருகாணியே தன்னை அறியாமல் "ஒரே பங்கு, பல நடிகர்கள்" என்று எழுதிட்டார் பாருங்க.

மூணாவது, பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் எல்லாரும் படிச்ச *சார்பு*. இந்த உள்ளீட்டுக்கு இந்த வெளியீடு. டூரிங் இயந்திரம், பட்னத்தின் அட்டவணை, பேனாவின் ரெண்டு வரி எல்லாம் சார்புக் கணக்கு. சார்புக்குப் பழுதே கிடையாது. இருக்கிறது, அல்லது வேற சார்பு.

லூயிஸின் 1980 கட்டுரையில் வர்ற பைத்தியக்காரனை இதில் வச்சுப் பாருங்க. அவனுக்கும் நம்மைப்போலவே வலி வரும், ஆனா காயத்தால் இல்லை, வெறும் வயிற்றில் மிதமா உடற்பயிற்சி செஞ்சா வரும். வந்தா அழமாட்டான், கவனம் கணக்குப் பக்கம் போகும், கால் மேல் கால் போட்டு விரலைச் சொடுக்குவான். கூடவே ஒரு செவ்வாய்வாசி: அவன் உள்ளே நரம்பே இல்லை, நீர்க்குழாய்கள், கிள்ளினா பாதத்தில் சின்னச் சின்னப் பைகள் உப்பும், ஆனா நம்மைப்போலவே கத்துவான். ரெண்டு பேருக்கும் வலிக்குதுன்னு ஒத்துக்கிற ஒரு கோட்பாடு வேணும் என்கிறார். சார்பை வச்சு மட்டும் பேசினா பைத்தியக்காரன் வெளியே போயிடுவான். நடிகனை வச்சு மட்டும் பேசினா செவ்வாய்வாசி வெளியே போயிடுவான். லூயிஸ் என்ன பண்ணினார்? அந்தப் பைத்தியக்காரனின் இனத்தில் பொதுவா எந்த நிலை வலியின் பங்கை வகிக்குதோ, அது அவனுக்குள்ள இருந்தா அவனுக்கும் வலிதான் என்றார். அதாவது அவனிடம் அது பழுதாகி இருக்கு. பார்த்தீங்களா, 'பயன்' கொல்லைப்புறமா உள்ளே வந்துடுச்சு.

(கடைசி வரி என் வாசிப்பு. லூயிஸ் இதை ஒத்துக்கொள்வாரா என்பது வேற விஷயம்.)

#15 புதுநோட்டு

"குழப்பம்" என்று எழுதினவர் இந்த ஒரு பதிவை எழுதியிருந்தா நான் ஆறு மாசம் மிச்சம் பிடிச்சிருப்பேன்.

#16 வெறுங்குடம்

சொல்லுளி மொழியைத் தொட்டதால் நானும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். தமிழில் *எனக்கு* வலிக்கிறது, *எனக்கு*ப் பசிக்கிறது, *எனக்கு*க் குளிர்கிறது. ஆனால் *நான்* நினைக்கிறேன், *நான்* முடிவு செய்கிறேன். அனுபவம் நான்காம் வேற்றுமையில் வருகிறது, செயல் எழுவாயோடு வருகிறது. செயல்பாட்டியத்துக்குள் அடங்குவது எது, அடங்காதது எது என்று நம் இலக்கணமே கோடு கிழித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாமா?

#17 சொல்லுளி

ஆசையா இருக்கு, ஆனா முடியாது. *எனக்கு*த் தெரியும், *எனக்கு*ப் புரியுது, *எனக்கு* நீச்சல் வரும். தெரிதலும் புரிதலும் நான்காம் வேற்றுமைதான். செயல்பாட்டியம் ரொம்ப வசதியா விளக்குகிற விஷயங்களே அவைதான். மறுபக்கம் *நான்* உணர்கிறேன், *நான்* ரசிக்கிறேன். உங்க கோடு ரெண்டு பக்கமும் கிழிஞ்சிடுது. அந்த இலக்கணம் காட்டுவது 'நம் விருப்பத்தில் இல்லாமல் வந்து சேர்வது' எது என்பதை. அதுவும் சுவாரசியம்தான், ஆனா வேற இழை.

#18 வெறுங்குடம்

ஏற்கிறேன். ஆனால் என் புகார் மொழியில் இல்லாவிட்டாலும் இருக்கிறது. 1974இல் நேகல் வௌவாலை வைத்துக் கேட்டது, 1982இல் ஜாக்சன், நிறங்களின் அறிவியல் முழுவதும் படித்தும் கருப்பு வெள்ளை அறையில் அடைபட்டு நிறமே பார்க்காத மேரியை வைத்துக் கேட்டது, எல்லாம் ஒன்றுதான்: பங்கை எல்லாம் எழுதி முடித்த பிறகும் *அது எப்படி இருக்கும்* என்பது எழுதப்படாமல் நிற்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து ஜேக்வான் கிம் தந்த அடியும் இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'ஜேட்' என்று நாம் சொல்லும் பச்சைக்கல் ஒரே கல் அல்ல. ஜேடைட், நெஃப்ரைட் என்று இரண்டு வேறு கனிமங்கள். ஒன்றைச் சோதித்து அறிந்ததை மற்றதன்மேல் ஏற்ற முடியாது. வலியும் பல பொருள்களில் உருவாகிறது என்றால், மனிதனை ஆராய்ந்து 'வலி' பற்றி எழுதிய விதி ஆக்டோபஸுக்கு எப்படிப் பொருந்தும்? பல்வழி உருவாக்கம் உண்மையானால் 'வலி' என்று ஓர் அறிவியலே இருக்க முடியாது. 1992 கட்டுரை. திருகாணி பெருமையாகக் காட்டிய ஆயுதம் அவர் பக்கமே திரும்புகிறது.

#19 திருகாணி

கிம் விஷயத்துல கொஞ்சம் அடி பட்டது உண்மை. ஆனா ஆக்டோபஸ் விஷயம் இப்ப வெறும் கற்பனை உதாரணம் இல்ல.

2021ல ராபின் குரூக் ஒரு சோதனை வெளியிட்டாங்க. ஆக்டோபஸோட ஒரு கையில நீர்த்த அசிட்டிக் அமிலத்தை ஊசி போட்டு, அதுக்கு முன்னாடி பிடிச்சிருந்த அறையில விட்டாங்க. அப்புறம் அது அந்த அறைப் பக்கமே போகல. ஊசி போட்ட இடத்தை அலகால சுரண்டிக்கிட்டு இருந்துச்சு. வலிமரப்பு மருந்து கொடுத்த அறையை, அடிபட்ட ஆக்டோபஸ் விரும்பித் தேடிப் போச்சு, அடிபடாதது கண்டுக்கல. சுமார் 50 கோடி நரம்பணு, அதுல மூணுல ரெண்டு பங்கு கைகளுக்குள்ள. நம்ம மூளையோட படம் வரைஞ்சா ஒரு கோடுகூட ஒத்துப்போகாது. இருந்தும் காயம், தவிர்ப்பு, இடத்தை ஞாபகம் வச்சுக்கிறது, நிவாரணத்தைத் தேடறது எல்லாம் அதே கோர்வையில வருது. பிரிட்டன்ல 2022ல வந்த விலங்கு உணர்திறன் சட்டத்துல ஆக்டோபஸையும் நண்டையும் சேர்த்தாங்க. அந்தச் சட்டம் எழுதினவங்க நரம்பு நாரை மட்டும் எண்ணிட்டு உக்காந்திருந்தா நண்டு உள்ள வந்திருக்குமா? நடைமுறையில எல்லாரும் செயல்பாட்டியக்காரங்கதான்.

#20 வெறுங்குடம்

அவர்கள் செய்தது பங்கைச் *சான்றாக* எடுத்துக்கொண்டது. புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்று சொல்வது சரி. புகைதான் நெருப்பு என்பது வேறு.

#21 திருகாணி

…இதுக்கு நாளைக்கு பதில் சொல்றேன்.

#22 நேத்துவந்தவன்

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். அப்ப இந்த அரட்டை நிரல்கள் "எனக்கு வருத்தமா இருக்கு"ன்னு சொல்லுதே, அதுக்கெல்லாம் செயல்பாட்டியப்படி மனசு உண்டா?

#23 மட்டுறுத்துநர்

இதற்குத் தனி இழை இருக்கிறது, 400 பதிவு தாண்டி ஓடுகிறது. இங்கே ஆளுக்கு ஒரு பதில் மட்டும், பிறகு அங்கே போய்விடுங்கள்.

#24 சொல்லுளி

ஒரே பதில்: "வலிக்குது" என்கிற *சொல்* வெளியே வர்றது வலியின் பங்கில் ஒரு சிறு துண்டு. எதனால் அந்த நிலை வந்தது, அது எதைத் தவிர்க்க வைக்குது, மத்த நிலைகளை எப்படி மாத்துது என்கிற மிச்சம் எல்லாத்தையும் காட்டணும். ஆனா ஒண்ணு, "சிலிக்கான், அதனால் முடியாது" என்று மட்டும் செயல்பாட்டியக்காரர் சொல்ல முடியாது. கதவு பூட்டியிருக்கலாம், சுவர் எழுப்ப அவருக்கு உரிமை இல்லை.

#25 பழையசாக்பீஸ்

திருகாணி பதில் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு கிழவனின் புலம்பல்.

வெறுங்குடம் கேட்பதை நான் எங்கோ முன்பே கேட்டிருக்கிறேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். டிட்ச்னர்! ஆப்பிள் என்று சொல்லாதே, அந்தச் சிவப்பு உனக்கு எப்படித் தோன்றியது என்று சொல் என்றாரே, அதே குரல். ஜேம்ஸும் டூயியும் அவரை வகுப்பறையிலிருந்து விரட்டினார்கள். அறுபது எழுபது வருடம் கழித்து, வேறு பெயருடன், தத்துவத் துறையின் வாசல் வழியாக அவர் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். 'குவாலியா' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு. அவருடைய முறை தோற்றது உண்மை. கார்னெலில் பயிற்சி பெற்றவர் ஒன்று சொன்னால் வூர்ட்ஸ்பர்க்கில் பயிற்சி பெற்றவர் வேறு சொன்னார், தீர்த்து வைக்க ஆள் இல்லை. ஆனால் அவர் விட்டுப்போன பொருளை யாரும் இன்னும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

பட்னத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் தன் செயல்பாட்டியத்தைத் தானே மறுத்து ஒரு நூல் எழுதினார். குவாலியா அவருக்குப் பெரிய காரணம் அல்ல. நம்பிக்கைகளின் பொருள் தலைக்குள் மட்டும் இல்லை, உலகத்திலும் சமூகத்திலும் பரவிக் கிடக்கிறது, அதை ஓர் இயந்திர அட்டவணையில் பிடிக்க முடியாது என்பதுதான் அவர் வாதம். 1990களில் அவர் விரும்பி எழுதியது யாரைப் பற்றித் தெரியுமா? வில்லியம் ஜேம்ஸைப் பற்றி. புதுநோட்டு, உங்கள் இரண்டு பாடமும் சந்திக்கும் இடம் அதுதான். பாடப்புத்தகத்தில் அது வராது.

#26 திருகாணி

வந்துட்டேன். புகை, நெருப்புக்குப் பதில்.

வெறுங்குடம், உங்க கட்சியிலேயே பெரிய ஆள் சால்மர்ஸ். பௌதிகம் போதாதுன்னு சொல்றவர். அவரே 1995ல ஒரு கணக்கு போட்டார். உங்க நரம்பணு ஒண்ணை எடுத்துட்டு, அதே வேலை செய்யற சில்லு ஒண்ணு வைக்கிறோம். அடுத்தது, அதுக்கு அடுத்தது. பாதி முடிஞ்சாச்சு. வேலை எதுவும் மாறல, அதனால நீங்க பேசறதும் மாறாது. "சிவப்பு பளிச்சுன்னு இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்க. உள்ள சிவப்பு கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டு வருதுன்னா, நிதானமா, கவனமா இருக்கிற ஒரு ஆள் தன் அனுபவத்தைப் பத்தியே முழுசாத் தப்பா நினைச்சிட்டிருக்கார்னு அர்த்தம். அது நம்பற மாதிரி இல்ல. அதனால வேலை அப்படியே இருந்தா அனுபவமும் அப்படியே இருக்கும்னு முடிக்கிறார். புகைதான் நெருப்புன்னு நான் நிரூபிக்க வேணாம். இந்த உலகத்துல இப்படிப்பட்ட புகை நெருப்பில்லாம வராதுன்னு உங்க ஆளே சொல்றார். அது எனக்குப் போதும்.

#27 வெறுங்குடம்

அது நல்ல வாதம். உண்மையாகவே நல்ல வாதம். ஆனால் அக்காவின் நோயாளி, தன் அனுபவத்தைப் பற்றி முழுசாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் நிதானமான ஆள்தானே? இருபது நிமிடம் கழித்து, கண் தெளிந்து, "எப்ப ஆரம்பிப்பீங்க?"

#28 திருகாணி

அது *பின்னாடி* தப்பா நினைக்கிறது. சால்மர்ஸ் சொல்றது *அந்த நேரத்துலயே* தப்பா நினைக்கிறதை. வித்தியாசம் இருக்கு.

#29 வெறுங்குடம்

இருக்கிறது. எவ்வளவு பெரிய வித்தியாசம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

#30 இரவுப்பணி

ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு விடை கிடைச்ச மாதிரியும் இருக்கு, கிடைக்காத மாதிரியும் இருக்கு. ஆனா ஒண்ணு மாத்திக்கிட்டேன். முன்னெல்லாம் மருந்து போட்டாச்சு, ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சு சும்மா நிப்பேன். இப்ப அந்த ரெண்டு நிமிஷம், "முடிஞ்சிடும், இதோ முடிஞ்சிடும்"னு காதுகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். அங்க யாரோ இருக்காங்க இல்ல.

#31 புதுநோட்டு

கட்டுரையைத் திரும்ப எழுதறேன். தலைப்பு: பயன், பங்கு, சார்பு. அனுமதி கேட்காமலே எடுத்துக்கிட்டேன், சொல்லுளி மன்னிக்கணும்.

ஒரே ஒரு இடைஞ்சல். ரெண்டு நாளா யோசிக்கிறேன்னு திருகாணி சொன்ன பேனாவை அழுத்திக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு ஸ்பிரிங் பறந்துபோய் எங்கேயோ விழுந்துடுச்சு. முனை வெளியே நிக்க மாட்டேங்குது.

#32 திருகாணி

பின்பக்கம் கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எழுதுங்க. அந்தப் பங்கை இனிமே உங்க விரல் வகிக்கும்.

#33 புதுநோட்டு

பிடிச்சு எழுதிப் பார்த்தேன். எழுத்து வருது. நாலாவது வரியில் விரல் வலிக்குது.